ஸ்டெல்லா யங்கும் நம் ஊர் மேடைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் மேடைப் பகிடி பழக ஆசைப்படும் மாற்றுத்திறனாளி இளைஞர்கள் சிலருடன் சனிக்கிழமைகளில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். நானும் ஊன்றுகோலில் நடப்பவன். புதிதாக யார் வந்தாலும், அவுஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஸ்டெல்லா யங் 2014இல் சிட்னியில் ஆற்றிய உரையை முதலில் போட்டுக் காட்டித் தமிழில் விளக்குவேன். பத்து நிமிடம்கூட இல்லாத உரை அது. ஆனால் இளைஞர்களும் பெற்றோரும் விழா ஒழுங்கு செய்பவர்களும் அதற்குப் பிறகு கேட்கும் கேள்விகள் மாலை முழுவதும் நீளும். அடிக்கடி வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே தருகிறேன்.

ஸ்டெல்லா யங் யார்?

1982 பெப்ரவரி 24ஆம் திகதி விக்டோரியா மாநிலத்தின் ஸ்டாவெல் என்ற சிற்றூரில் பிறந்தவர். தந்தை இறைச்சிக் கடைக்காரர். தாய் சிகை அலங்காரம் செய்பவர். எலும்புகள் எளிதில் முறியும் பிறவி நோய் ஸ்டெல்லாவுக்கு இருந்தது. உயரம் மிகக் குறைவு; சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். பத்திரிகைத் துறையில் பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் பெற்று, பாடசாலை ஆசிரியையாகவும் மெல்பேர்ண் அருங்காட்சியகத்தின் பணியாளராகவும் இருந்தார். சமூகத் தொலைக்காட்சியொன்றில் மாற்றுத்திறனாளிகளின் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். பிறகு அவுஸ்திரேலிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் 'ராம்ப் அப்' என்ற இணைய இதழுக்கு ஆசிரியரானார். மாற்றுத்திறனாளிகளின் வாழ்வையும் அரசியலையும் அவர்களே எழுதிய இதழ் அது. 2014இல் நிதி நிறுத்தப்பட்டு மூடப்பட்டது.

இத்தனைக்கும் நடுவில்தான் மேடை. புதியவர்களுக்கான நாடளாவிய நகைச்சுவைப் போட்டியில் மாநில இறுதிச் சுற்றுவரை வந்தார். 2014இல் தனியொருவராக முழு நிகழ்ச்சியொன்றை நடத்தி, மெல்பேர்ண் ஃப்ரிஞ்ச் விழாவில் சிறந்த புதுமுகத்துக்கான விருதைப் பெற்றார். அதே ஆண்டு டிசம்பர் 6ஆம் திகதி, 32 வயதில், எதிர்பாராமல் இறந்துபோனார். 80 வயதாகப்போகும் தனக்கே ஒரு கடிதம் எழுதி வெளியிட்டு அப்போது சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. பிறந்த ஊரில் அவருக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள்.

அவருடைய சமூகப் பணி எங்கிருந்து தொடங்கியது?

14 வயதில், சொந்த ஊரின் கடைத்தெருவிலிருந்து. சக்கர நாற்காலியில் வருபவர் எந்தக் கடைக்குள் நுழைய முடியும், எதற்குள் முடியாது என்று பிரதான வீதியின் கடைகளைக் கணக்கெடுத்தார். பிற்காலத்தில் அவர் எழுதிய, பேசிய எல்லாவற்றுக்கும் வேர் இந்தக் கணக்கெடுப்பில் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். அழுது கேட்கவில்லை, யாருக்கும் மனு எழுதி இரக்கம் தேடவில்லை, அளந்து பார்த்தார்.

எங்கள் இளைஞர்களுக்கும் முதல் வேலையாக இதைத்தான் கொடுக்கிறேன். திருகோணமலையின் என்.சி. வீதியில் ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து, மருந்துக் கடை, வங்கி, சிகையலங்காரக் கடை, சாப்பாட்டுக் கடை என ஒவ்வொன்றின் வாசலிலும் படிகள் எத்தனை, கதவின் அகலம் எவ்வளவு, உள்ளே திரும்ப இடம் இருக்கிறதா என்று குறித்து வரச் சொல்வேன். பகிடி அந்தக் குறிப்பேட்டில் தானாகவே வந்து விழும். சக்கர நாற்காலியில் வரும் மூதூர்த் தங்கை ஒருத்தி அப்படிக் கொண்டுவந்த வரி இது: "சுவாமி மலையை இராவணன் ஒரே வெட்டில் பிளந்தானாம். எனக்கு மலை வேண்டாம். அந்த வங்கி வாசலில் இருக்கும் ஒரேயொரு படியை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்." கோணேசர் கோவில் மலையையும் இராவணன் வெட்டையும் அறியாதவர் இந்த ஊரில் இல்லை. அவள் சொல்லி முடிப்பதற்குள் சிரிப்பு வந்துவிட்டது.

சிட்னி உரையில் அப்படி என்னதான் சொன்னார்?

இரண்டு சம்பவங்களைச் சொல்லித் தொடங்கினார். 15 வயதில் அவருடைய பெயரைச் சமூகச் சாதனை விருதுக்குப் பரிந்துரைக்க ஊரார் ஒருவர் முன்வந்தார். ஆனால் நம் மகள் எந்தச் சாதனையும் செய்யவில்லையே என்றார்கள் பெற்றோர். அவர்கள் சொன்னது சரிதான் என்கிறார் ஸ்டெல்லா. படிக்கிறாள், பள்ளி விட்டதும் அம்மாவின் கடையில் வேலை செய்கிறாள், தொலைக்காட்சி பார்க்கிறாள், இதற்கு எதற்கு விருது? பல வருடங்களுக்குப் பிறகு மெல்பேர்ணில் ஆசிரியை. சட்டப் பாடம் நடத்தி இருபது நிமிடங்கள் ஆனபின் ஒரு மாணவன் கையை உயர்த்தி, "மிஸ், உங்கள் பேச்சை எப்போது தொடங்கப்போகிறீர்கள்?" என்று கேட்கிறான். சக்கர நாற்காலியில் ஒருவர் பாடசாலைக்கு வந்தால் தன்னம்பிக்கைப் பேச்சுக்குத்தான் வருவார் என்பது அவனது அனுபவம். ஆசிரியையாக வருவார் என்று அவன் நினைத்தே பார்த்ததில்லை.

அங்கிருந்து விஷயத்துக்கு வருகிறார். கையில்லாத சிறுமி வாயில் பென்சில் பிடித்து வரைகிறாள், செயற்கைக் கால்களில் குழந்தை ஓடுகிறது, கீழே ஒரு தத்துவ வாசகம். இந்தப் படங்கள் யாருக்காக? உடல் நலமுள்ளவர்கள் பார்த்து, 'என் நிலைமை இவ்வளவு மோசமில்லை' என்று ஆறுதல் அடைவதற்காக. ஒருவரின் வாழ்க்கை இன்னொருவரின் மனத்தெம்புக்கு மருந்தாக்கப்படுகிறது. இந்தப் படங்களை ஸ்டெல்லா ஊக்கமூட்டும் 'ஆபாசப் படம்' என்றே அழைத்தார். கடுமையான சொல்தான். தெரிந்தே பயன்படுத்துகிறேன் என்று மேடையிலேயே சொன்னார்.

எங்கள் இளைஞர்கள் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கும் பகுதி, நல்ல மனமிருந்தால் எதையும் வெல்லலாம் என்ற வாசகத்துக்கு அவர் கொடுத்த பதில். படிக்கட்டைப் பார்த்து எவ்வளவு புன்னகைத்தாலும் அது சாய்தளமாக மாறியதில்லை. தொலைக்காட்சியைப் பார்த்துச் சிரித்தால் காது கேளாதவருக்கு எழுத்து ஓடப்போவதில்லை. புத்தகக் கடையின் நடுவில் நம்பிக்கையோடு நின்றால் புத்தகங்கள் பிரெயில் எழுத்துக்கு மாறப்போவதில்லை. நம்மை முடக்குவதில் உடலைவிட நாம் வாழும் சமூகத்துக்கே பங்கு அதிகம் என்றார். பிரித்தானியாவின் மாற்றுத்திறனாளி அமைப்புகள் 1970களிலேயே முன்வைத்த கருத்து அது. ஸ்டெல்லா அதைப் பகிடியாக்கியதால் எங்கள் சனிக்கிழமை வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படியானால் மாற்றுத்திறனாளிகளைப் பாராட்டவே கூடாதா?

தாராளமாகப் பாராட்டலாம், செய்த காரியத்துக்காக. காலையில் எழுந்து, சொந்தப் பெயரை மறக்காமல் இருப்பதற்கெல்லாம் பாராட்டு வாங்காத ஓர் உலகம் வேண்டும் என்று ஸ்டெல்லா கேட்டார். மற்ற மாற்றுத்திறனாளிகளிடமிருந்து தான் தினமும் கற்பதாகவும் சொன்னார். என்ன கற்கிறாராம்? கீழே விழுந்த பொருளை இறைச்சி வாட்டும் இடுக்கியால் எடுக்கலாம், மின்சாரச் சக்கர நாற்காலியின் பட்டறியிலிருந்து கைபேசிக்கு மின்னேற்றலாம், இப்படிப்பட்டவை. சக மனிதரிடம் தொழில் கற்றுக்கொள்வது போன்ற மரியாதை அது.

இங்கே எங்களுக்கு நடப்பதைச் சொல்கிறேன். டிசம்பர் 3 சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினம். ஐக்கிய நாடுகள் சபை 1992இல் அறிவித்தது. அன்று விழா வைப்பார்கள். பிரதம விருந்தினர் வருவார், மங்கல விளக்கேற்றுவார், 'தன்னம்பிக்கையின் சிகரம்' என்று பேசுவார். பொன்னாடை போர்த்துவார்கள். விழா நாயகரை நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி மேடையில் வைப்பார்கள், ஏனெனில் மேடைக்கு இருப்பது படிகள் மட்டுமே. தூக்கும்போதும் புகைப்படம் எடுப்பார்கள். அப்படித் தூக்கப்பட்டவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அண்ணா, பொன்னாடை விலைக்கு இரண்டு பலகை வாங்கியிருக்கலாம்." இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்கப்போவதில்லை. அன்பில்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல மாட்டேன். அன்பிருப்பவர்கள்தான் பலகையையும் வாங்க வேண்டும்.

தன் குறையைச் சொல்லித் தானே சிரிக்க வைப்பது தன்னையே தாழ்த்திக்கொள்வதில்லையா?

மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பவர்கள் பெரும்பாலும் பெற்றோர். அவர்களின் பயம் நியாயமானது. நம் படங்களிலும் நாடகங்களிலும் திக்கிப் பேசுபவர், குள்ளமானவர், காது கேளாதவர் எல்லாரும் காலங்காலமாகச் சிரிப்புக்குத் தீனியாகவே வந்திருக்கிறார்கள். அந்தச் சிரிப்பை வீதியிலும் வாங்கி வந்த பிள்ளையை மறுபடியும் ஒலிவாங்கி முன் நிறுத்தலாமா என்று ஒரு தாய் கேட்டால், அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் பார்க்க வேண்டியது, பகிடி யார் மேல் போய் விழுகிறது என்பதை. ஓர் உதாரணத்தை விரிவாகவே சொல்கிறேன். எங்களோடு பழகும் ஒரு தம்பி, பத்திரகாளி அம்மன் கோவில் வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தபடி நண்பனுக்காகக் காத்திருந்தான். ஓர் அம்மா அவன் மடியில் இருபது ரூபாய்த் தாளை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். எங்களில் பலருக்கு நடந்திருக்கிறது. இதை அவன் முதன்முறை மேடையில் சொன்னபோது, "நான் பிச்சைக்காரன் இல்லை" என்று முடித்தான். உண்மையான வரிதான். ஆனால் இருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள், முன் வரிசையில் ஒருவர் கண்ணைத் துடைத்தார். எந்த இரக்கத்தை எதிர்த்துப் பேசினானோ, அதுவே மறுபடியும் அவன் மடியில் வந்து விழுந்தது.

மாற்றி எழுதினான். புதிய வடிவம் இப்படி இருந்தது: "கோவில் வாசலில் நண்பனுக்காகக் காத்திருந்தேன். ஓர் அம்மா வந்தார். என்னைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். மடியில் இருபது ரூபாயை வைத்தார். நான் கூப்பிட்டேன்: அம்மா, செருப்புக் காவலுக்குப் பத்து ரூபாய்தான். மிச்சத்தை வாங்கிக்கொண்டு போங்கள்!"

வேறுபாட்டைப் பாருங்கள். இரண்டாவதில் அந்த அம்மா கெட்டவராகக் காட்டப்படவில்லை, அவனும் பரிதாபத்துக்குரியவன் ஆகவில்லை. சக்கர நாற்காலியைக் கண்டதும் கை தானாக மடிசீலைக்குப் போகிற பழக்கம்தான் அம்பலமாகிறது. 'செருப்பைக் கழற்றினார்' என்ற வரியை அவன் பிறகுதான் சேர்த்தான். அது முன்னால் வந்திருப்பதால்தான் கடைசி வரி எடுபடுகிறது. சக்கர நாற்காலியை ஒருவர் தானே பகிடியாக்கும்போது, பார்ப்பவர்களுக்கும் அதைப் பார்க்காததுபோல் நடிக்கும் சுமை இறங்கிவிடுகிறது. அதனால்தான் மேடைக்கு வந்த முதல் அரை நிமிடத்துக்குள் உடலைப் பற்றி ஒரு வரி சொல்லிவிடுங்கள் என்பேன். அதன் பிறகு எதைப் பற்றியும் பேசலாம்: மாமா வீட்டுக் கல்யாணம், நிலாவெளி வெயில், கல்விப் பொதுத் தராதரப் பரீட்சை.

தனியே நின்று பேசிச் சிரிக்க வைப்பது நமக்குப் புதிதில்லையா?

இல்லை. கூத்தில் கட்டியக்காரன் அரசனுக்கு முன்னாலேயே அரசனைப் பகிடி செய்கிறான். வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் பாதி வேலையைச் சிரிப்பிலேயே முடிக்கிறார். கே. எஸ். பாலச்சந்திரன் 'அண்ணை றைற்' என்ற தனிநடிப்பில் ஒரு பஸ் நடத்துநராகவே மாறி, பஸ் முழுவதையும் தனியாளாக மேடையில் ஓட்டிக் காட்டியதை இலங்கைத் தமிழர்கள் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். வடிவம் நம்மிடம் இருந்தது. மாற்றுத்திறனாளி ஒருவர் தன் கதையைத் தன் வாயால் சொல்வதற்கு இடம் இருக்கவில்லை.

வேறு நாடுகளில் இப்படிப்பட்ட கலைஞர்கள் இருக்கிறார்களா?

நிறையப் பேர். அமெரிக்காவில் பிறந்த பலஸ்தீனப் பெண்ணான மேசூன் சயீதுக்குப் பெருமூளை வாதம் உண்டு. தன் பாதங்களின் மேல் மகளின் பாதங்களை வைத்துத் தந்தை நடக்கப் பழக்கினார். பல்கலைக்கழகத்தில் பெருமூளை வாதமுள்ள ஒரு பெண்ணின் கதையை நாடகமாகப் போட்டார்கள். அந்தப் பாத்திரத்தில் இருக்கும் உடல் அசைவுகளைச் செய்ய உங்களால் முடியாது என்று சொல்லி, அவருக்கே அதைத் தர மறுத்துவிட்டார்கள். நகைச்சுவை மேடைக்கு அவர் போனது இப்படித்தான். 2003இல் நியூயோர்க் அரபு அமெரிக்க நகைச்சுவை விழாவை ஆரம்பித்தவர்களில் ஒருவர்.

பிரித்தானியாவின் லீ ரிட்லிக்கு வாயால் பேச முடியாது. பகிடிகளை முன்கூட்டியே கருவியில் தட்டெழுதி வைத்து, இயந்திரக் குரலில் சொல்ல வைக்கிறார். சிரிப்பு ஓயும்வரை காத்திருந்து அடுத்ததைத் தட்டுகிறார். 2018இல் 'பிரிட்டன்ஸ் கொட் டலன்ட்' போட்டியில் வென்றவர் அவர்தான். பேச்சுத் தெளிவில்லாத எங்கள் பிள்ளைகளுக்கு ஸ்டெல்லாவுக்கு அடுத்து நான் காட்டுவது இவரை. மும்பையில் பார்வையிழந்த நகைச்சுவைக் கலைஞர் நிதி கோயல் இருக்கிறார். மாற்றுத்திறனாளிப் பெண்களின் உரிமைக்காக அமைப்பொன்றையும் நடத்துகிறார். எல்லாரிடமும் ஒன்றைக் கவனித்தேன். மேடையில் சொன்னதையே மேடைக்கு வெளியேயும் கேட்கிறார்கள்.

நிகழ்ச்சிக்கு மேடையை எப்படி ஒழுங்கு செய்வது?

சாய்தளத்துக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் அளவு 1:12. ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றடி உயர மேடை என்றால் 36 அடி, நடுவில் நின்று இளைப்பாறச் சமதளம் ஒன்றும் வேண்டும். விழா நாளன்று காலையில் யாரோ கொண்டுவந்து சாய்த்து வைக்கும் ஆறடிப் பலகை உதவாது. அதில் ஏறும் நாற்காலி பின்னால் கவிழும். நான் பார்த்த மண்டபங்களில் 36 அடிக்கு இடம் கிடைப்பது அரிது.

எனவே என் யோசனை, மேடையை விட்டுவிடுங்கள். ஒருவர் பேச ஒரு வட்டம் போதும். மண்டபத் தரையில் பேசுபவரை இருத்தி, கதிரைகளைப் பிறை வடிவில் போடுங்கள். எல்லாருடைய கண்ணும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும், சிரிப்பும் கிட்ட இருந்து கேட்கும். உட்கார்ந்து பேசுபவருக்குத் தாழ்த்தக்கூடிய ஒலிவாங்கித் தாங்கி வேண்டும்; ஊன்றுகோல் பிடித்தவருக்குச் சட்டையில் குத்தும் ஒலிவாங்கி. சைகை மொழிபெயர்ப்பாளர் இருந்தால் வெளிச்சம் அவர் மேலும் விழ வேண்டும். இதெல்லாம் சரியாக இருந்தும் கழிப்பறைக் கதவு குறுகியதாக இருந்தால் இரண்டு மணி நேர நிகழ்ச்சிக்கு எங்கள் ஆட்கள் தண்ணீர் குடிக்காமல் வருவார்கள். ஆகவே மண்டபம் பார்க்கப் போகிறவர் கழிப்பறையிலிருந்து பார்வையிடத் தொடங்கட்டும்.

உப்புவெளிக் கடற்கரையில் வைத்தால் அழகாக இருக்குமே என்று கேட்கிறார்கள். அழகுதான். ஆனால் மணலில் சக்கரம் புதையும்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறதா?

எழுத்தில் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. பொதுமக்கள் நுழையும் இடங்களுக்கு நாமும் செல்வதை மறுக்கக் கூடாது என்றும் சொல்கிறது. பொதுக் கட்டடங்களில் அணுகும் வசதி பற்றிய ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சக்கர நாற்காலியில் வாழ்ந்த செயற்பாட்டாளர் கலாநிதி அஜித் பெரேரா உயர் நீதிமன்றம் சென்றதால், அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று 2011 ஏப்ரலில் உத்தரவும் பிறந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 30ஆம் உறுப்புரை, கலைத் திறனை வளர்த்துப் பயன்படுத்தும் வாய்ப்பை நமக்கு உரிமையாகவே தருகிறது. 2024இல் பார்வையிழந்த ஒருவர், சுகத் வசந்த டி சில்வா, தேசியப் பட்டியல் மூலம் நாடாளுமன்றம் சென்றார்.

இந்த இலக்கங்களை எங்கள் இளைஞர்கள் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன். மண்டபப் பொறுப்பாளரிடம் பேசும்போது '2006 ஒழுங்குவிதி' என்ற சொல் வாயில் வந்தால், உதவி கேட்கும் குரல் உரிமை கேட்கும் குரலாக மாறுவதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

போரில் காயப்பட்டவர்கள் அதைப் பகிடியாகச் சொல்லலாமா?

அவர்கள் விரும்பினால் மட்டும். சொந்தக் காயத்தை எப்போது திறப்பது, திறப்பதா வேண்டாமா என்பது அவரவர் உரிமை. போரும் 2004 சுனாமியும் இந்த மாவட்டத்தில் பல குடும்பங்களைத் தொட்டவை. ஒருவரின் பகிடி பக்கத்துக் கதிரையில் இருப்பவரின் சாவு வீடாக இருக்கலாம். பயிற்சியில் நான் யாரையும் அந்தப் பக்கம் தள்ளுவதில்லை, தானாக வருபவரைத் தடுப்பதும் இல்லை.

கலைஞருக்குப் பணம் கொடுக்க வேண்டுமா?

ஆம். பாடகருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் கொடுக்கிறீர்கள். எங்களை மட்டும் 'வாய்ப்புத் தருகிறோம்' என்று கூப்பிடாதீர்கள். சக்கர நாற்காலியோடு கிண்ணியாவிலிருந்து வந்து போக ஓட்டோக் கூலி தனி.

பார்வையாளராக வர விரும்புகிறேன். என்ன தெரிந்திருக்க வேண்டும்?

சிரிப்பு வந்தால் சிரியுங்கள். 'சிரிக்கலாமா' என்று பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்க வேண்டாம். பகிடி எடுபடாவிட்டால் இரக்கத்தில் கை தட்டாதீர்கள், அது பேசுபவருக்குப் பொய்த் தகவல். நிகழ்ச்சி முடிந்ததும் தலையைத் தடவி ஆசீர்வதிக்க வேண்டாம்; பேசியவர் முப்பது வயது மனிதராக இருப்பார். புகைப்படம் வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுங்கள். உங்கள் வீட்டில் சக்கர நாற்காலியிலோ ஊன்றுகோலிலோ நடமாடுபவர் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். முன் வரிசையில் அத்தனை கதிரைகளை எடுத்துவிட்டு இடம் வைப்போம்.